சுமையா, மாற்றமா? விதிகளில் இடம் தேடும் கேம்பர் அறை

ஒரு சிறிய சரக்கு வாகனம். அதன் பின்புறத்தில் பக்கச் சுவர்கள் இல்லாத தட்டையான தளம். அந்தத் தளத்தின் மீது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் கூடிய பெட்டி போன்ற அறை ஒன்று நான்கு மூலைகளிலும் பூட்டப்பட்டிருக்கிறது. பயணம் முடிந்ததும் பூட்டுகளைத் திறந்து, அறையை அதன் சொந்தக் கால்களில் நிறுத்திவிட்டு, வாகனத்தை முன்னே ஓட்டிச் சென்றுவிடலாம். மறுநாள் அதே வாகனத்தில் சிமெண்ட் மூட்டையோ காய்கறியோ ஏற்றலாம்.

சட்டத்தின் பார்வையில் இந்த அறை என்ன? வாகனத்தில் ஏற்றப்பட்ட சுமையா, வாகனத்தின் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றமா? சுமை என்றால் எடை மேடைச் சீட்டும், ஒழுங்காகக் கட்டப்பட்டிருப்பதும் போதும். அனுமதிக்கப்படாத மாற்றம் என்றால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு இல்லாததால், முடிவு நெடுஞ்சாலையில் கைகாட்டி நிறுத்தும் ஆய்வாளரின் மனநிலையைப் பொருத்ததாகிவிடுகிறது.

வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்குப் பிரச்னை இது என்று ஒதுக்கிவிட முடியாது. ரோத்தாங் கணவாய்க்குக் கீழே 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டதற்குப் பிறகு, தில்லியிலிருந்து லாஹௌல், ஸ்பிதி, லடாக் பகுதிகளை நோக்கிச் செல்லும் சொந்த வாகனங்கள் பெருகியுள்ளன. தங்கும் விடுதிகள் குறைவான அந்த மலைப் பாதைகளில், வீட்டைக் கூடவே கொண்டு செல்லும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது. கேரவன் சுற்றுலாவுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021-இல் தனிக் கொள்கைகளையே வெளியிட்டன. ஆனால், இவற்றின் கவனமெல்லாம் தொழிற்சாலையிலிருந்தோ, அங்கீகாரம் பெற்ற பட்டறையிலிருந்தோ வாழிடமாகவே உருவாகி வெளிவரும் வாகனத்தின் மீதுதான். ஏற்றி இறக்கும் அறையைப் பற்றி எண்ணிப் பார்த்தவர் குறைவு. (இந்தியச் சந்தையில் "கேம்பர்" என்ற பெயரைத் தாங்கிப் பல ஆண்டுகளாக விற்கப்படும் வாகனம், இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட சரக்கு பிக்கப்தான். அதில் படுப்பதற்கு இடம் கிடையாது.)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே இதில் முதல் கதவு. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது மிகவும் இறுக்கமாயிற்று. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கேரள உயர் நீதிமன்றம் இதைத் தளர்வாகப் பொருள்கொண்டபோது, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தயாரிப்பாளரின் மாதிரி வாகனம் சோதனைக்கு உள்படுத்தப்பட்டே அங்கீகாரம் பெறுகிறது. அந்த வடிவத்தைச் சாலையோரப் பட்டறையில் மாற்றினால் சோதனைக்கே பொருளில்லை என்ற வாதம் அங்கே வென்றது.

அந்தத் தீர்ப்பில் குறை காண்பதற்கில்லை. சேசிஸை வெட்டி நீட்டிய வாகனங்களும், உயரம் கூட்டிய ஜீப்புகளும் எத்தனை உயிர்களுக்கு ஆபத்தாக முடியும் என்பது சாலையில் செல்லும் எவருக்கும் தெரியும். ஆனால், அதே தர்க்கத்தை நேர்மையாகத் தொடர்ந்தால் வேறொரு முடிவும் கிடைக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட அச்சு எடை, மொத்த எடை, சக்கர இடைவெளி, பிரேக், விளக்குகள் ஆகிய எதையும் தொடாமல், பதிவு செய்யப்பட்ட தளத்தின் மீது அளவுக்கு உள்பட்ட ஒரு பொருளை ஏற்றிச் செல்வது மாற்றம் ஆகாது. துறைமுகங்களிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கண்டெய்னர்களைப் பாருங்கள். 20 அடிப் பெட்டி, டிரெய்லர் தளத்தின் மூலைகளில் உள்ள திருகு பூட்டுகளில் உட்கார்ந்து நாடு முழுவதும் போகிறது. அதை வாகனத்தில் செய்த மாற்றம் என்று எவரும் சொல்வதில்லை. பெட்டிக்குள் துணி மூட்டைகளுக்குப் பதிலாகக் கட்டிலும் அடுப்பும் இருந்தால் மட்டும் சட்டம் ஏன் குழம்ப வேண்டும்?

குழப்பத்துக்குக் காரணம், வாகன வகைப்பாடு. ஆட்களை ஏற்றும் வாகனங்கள் "எம்" வகை. சரக்கு ஏற்றுபவை "என்" வகை. மோட்டார் கேரவன்களுக்கென உள்ள ஏஐஎஸ்-124 தரநிலை அவற்றை "எம்" வகையின் சிறப்புப் பிரிவாகவே பார்க்கிறது. இருக்கை, மேஜை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். அவை வாழிடப் பகுதியில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனைப் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் சேர்த்தது. இவை அனைத்தும் வாகனத்தைப் பற்றிப் பேசுகின்றன. இறக்கி வைக்கப்படும் அறையோ வாகனமே அல்ல. அதற்கு இயந்திரமும் இல்லை, சக்கரமும் இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய அறை சரக்காகவே கருதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் தட்டையான தளம் கொண்ட பிக்கப்புகளின் மீது ஏற்றும் அறைகளுக்குத் தனிச் சந்தையே உள்ளது.

சட்டம் தெளிவாகும் வரை இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பவர், தளத்தை வடிவமைக்கும்போதே சட்டத்தையும் சேர்த்து வடிவமைக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்திய பின்புறத் தொட்டியை வெட்டியெடுத்துவிட்டுத் தளம் போடுவது நேராக 52-ஆவது பிரிவில் போய் மோதும். ஓட்டுநர் அறையும் சேசிஸும் மட்டுமாக விற்கப்படும் பிக்கப் வகைகள் உள்ளன. அதை வாங்கி, முறையான பாடி கட்டும் நிறுவனத்தில் தளத்தை அமைத்து, முதல் பதிவிலேயே தட்டைத் தள வாகனம் என்று பதிய வைப்பதே சரியான வழி. நாமக்கல்லிலும் பஞ்சாபின் சிர்ஹிந்திலும் லாரிக்குப் பாடி கட்டுவோருக்கு இந்த வேலை புதியதல்ல. முதல் பதிவு எப்படியோ, வாகனத்தின் தலையெழுத்தும் அப்படியே.

அடுத்தது எடை. இங்குதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மொத்த எடையிலிருந்து வெறும் சேசிஸின் எடையைக் கழித்தால் 1,500 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஃகுத் தளத்துக்கு 200 கிலோ போய்விட்டது. அறையும் அதன் மரச் சாமான்களும் 650 கிலோ. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. மின்கலங்கள் 60. நிரம்பிய வீட்டு உபயோக எரிவாயு உருளை ஏறத்தாழ 30. உணவு, உடை, பாத்திரங்கள் 120. இருவர் பயணம் செய்தால் 140. மீதி 200 கிலோ மட்டுமே. கூரையில் சூரிய மின் தகடும், பின்னால் கூடுதல் டயரும், டீசல் கேன்களும் ஏறியதும் அதுவும் கரைந்துவிடும். வரம்பைத் தாண்டினால் 194-ஆவது பிரிவின்படி ரூ. 20,000 அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அபராதத்தைவிடப் பெரிது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். சக்கர இடைவெளி 3 மீட்டர் உள்ள வாகனத்தில் 1,000 கிலோ அறையின் எடை மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் அமைந்தால், பின் அச்சில் 1,100 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 100 கிலோ தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் இலேசாகிவிடும். மலை வளைவில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. அதே மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், முன்னே 100, பின்னே 900 என்று எடை ஒழுங்காகப் பிரியும். ஆகவே கனமான தண்ணீர்த் தொட்டியும் மின்கலங்களும் தரைமட்டத்தில், ஓட்டுநர் அறையை ஒட்டி அமைய வேண்டும். பின்புறத்தில் சமையலறை வேண்டும் என்ற ஆசையால் அறையை நீட்டுவோர், பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி சக்கர இடைவெளியில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏணி போன்ற சேசிஸ் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்ளவே அது உருவாக்கப்பட்டது. பெட்டி அறையோ முறுக்கிக்கொள்ளாது. இரண்டையும் நான்கு மூலைகளிலும் இறுக்கமாகப் பிணைத்தால், ஏதாவது ஒன்று உடையும். முதலில் அறையின் மூலைகளில் வெடிப்பு, பிறகு கசிவு, கடைசியில் சேசிஸிலேயே கீறல். தளத்துக்கும் சேசிஸுக்கும் இடையே துணைச் சட்டம் ஒன்றை அமைத்து, பின்பக்கம் உறுதியாகவும், முன்பக்கம் ஸ்பிரிங் அல்லது ரப்பர் வழியாகச் சற்றே அசைய இடம் கொடுத்தும் பொருத்துவது நல்ல பட்டறைகளின் வழக்கம். ஒரு முனையில் சுழலும் மூன்று புள்ளிப் பிணைப்பும் உண்டு. எதுவானாலும் சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் கூடாது என்பதில் வாகனத் தயாரிப்பாளர்கள் பொதுவாக உறுதியாக இருக்கிறார்கள். துளையிட்டுவிட்டால் உத்தரவாதமும் போகும், சட்டத்தின் முன் வாதமும் போகும்.

அகலம் இன்னொரு கண்ணி. வாகனத்தின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. ஆனால் பிக்கப்பின் தளம் அதைவிடக் குறுகியது. அதன் மீது தளத்தைவிட அகலமான அறையை ஏற்றினால், அது பாடியின் பக்கவாட்டில் துருத்தும் சுமை, அதற்கும் ரூ. 20,000. எனவே அறையின் அகலத்தை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்றபடி தளத்தைக் கட்டிப் பதிவு செய்வதே அறிவுடைமை. அறையைத் தாங்கும் நான்கு ஜாக் கால்களிலும் இதே சிக்கல். அவற்றுக்கு நடுவே வாகனம் பின்னோக்கி நுழைய வேண்டுமானால் கால்கள் தளத்தைவிட அகலமாக நிற்க வேண்டும். ஓடும்போது அவை துருத்தவும் கூடாது. கழற்றிவைக்கும் கால்கள், அல்லது உள்நோக்கி மடியும் தாங்கிகள்தான் விடை. பின்விளக்குகளும் பதிவெண் பலகையும் ஒளி எதிரொலிக்கும் பட்டைகளும் அறையால் மறைக்கப்படக் கூடாது. தளத்தின் பின் விளிம்பிலேயே அவற்றைப் பதித்துவிட்டால் அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாகனம் ஒரே முகத்துடன் இருக்கும்.

பூட்டுகளைப் பொருத்தவரை கண்டெய்னர்களின் திருகு பூட்டே முன்மாதிரி. கயிறும் சங்கிலியும் போதாது. சரக்குப் பிணைப்புக்கான ஐரோப்பியத் தரநிலை, திடீர் பிரேக்கின்போது சுமை எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசையை முன்னோக்கியும், 50 சதவீதத்தைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தாங்க வேண்டும் என்கிறது. ஆயிரம் கிலோ அறை என்றால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 800 கிலோ முட்டித் தள்ளக் காத்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும், ஒரு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை. வாகனம் ஓடும்போது அறைக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றிப் பயணம் செய்பவருக்கு ஏற்படும் பாதிப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. குழந்தைகளைப் பின் அறையில் உறங்க வைத்துவிட்டு இரவு முழுவதும் ஓட்டிச் செல்லும் குடும்பம், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கும் வழியின்றி நிற்கும்.

ஓட்டுநர் உரிமம் தொடர்பான குழப்பம் மட்டும் தீர்ந்துவிட்டது. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்குக் குறைவான மொத்த எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ஆம் தேதி கூறியது. சுமையும் மாற்றமும் பற்றி அப்படியொரு தெளிவு இன்னும் பிறக்கவில்லை.

சுற்றுலாவைவிட அரசுத் துறைகளுக்குத்தான் இந்தத் தெளிவு அதிகம் தேவை. தேசிய சுகாதார இயக்கத்தின் நடமாடும் மருத்துவப் பிரிவுகள், கால்நடை மருத்துவ ஊர்திகள், உணவுப் பரிசோதனைக் கூடங்கள், நூலக வண்டிகள் என ஒவ்வொன்றும் ஒரு வாகனத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டே வாங்கப்படுகின்றன. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு நீட்டிப்பு கிடையாது. வாகனம் உடைக்கப்படும்போது, அதனுள் இழைத்துக் கட்டப்பட்ட ஆய்வகமும் அதனுடனேயே போகிறது. எஞ்சின் பழுதாகி வாகனம் பணிமனையில் நிற்கும் வாரங்களில் மருத்துவமனையும் பணிமனையில்தான் நிற்கிறது. தில்லியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களை ஓட்டக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025-இல் அதில் தளர்வும் திருத்தமும் வந்தன. வாகனத்தின் ஆயுள் இப்படி அரசாணைக்கும் நீதிமன்ற ஆணைக்கும் ஏற்ப மாறிக்கொண்டிருக்கும் நாட்டில், உள்ளிருக்கும் அறையின் ஆயுளை அதிலிருந்து பிரித்து வைப்பது சிக்கனம். வெள்ளம் வடிந்த ஊரில் அறையை இறக்கிவிட்டு, அதே லாரியை நிவாரணப் பொருள் ஏற்ற அனுப்பலாம்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிதின் கட்கரி கொண்டுவந்த திருத்த மசோதா 2019 ஜூலை 23-இல் மக்களவையிலும் 31-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது, விவாதம் பெரும்பாலும் அபராதத் தொகையையும் மாநிலங்களின் உரிமையையும் சுற்றியே நடந்தது. அவை நியாயமான கவலைகளே. ஆனால் 52-ஆவது பிரிவில் நுழைக்கப்பட்ட முக்கியமான அதிகாரம் ஒன்று உறுப்பினர்களின் கவனத்தை அவ்வளவாக ஈர்க்கவில்லை. வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கான விவரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்பதே அது. பின்னர் கேள்வி நேரத்திலாவது எவரேனும் இதைத் துருவியிருக்கலாம்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. இறக்கக்கூடிய அறை என்றால் என்ன என்று விதியில் ஒரு வரையறை வேண்டும். சான்றிதழ் வாகனத்துக்கு அல்லாமல் அறைக்கு வழங்கப்பட வேண்டும். காலி எடை, நிறை எடை, எடை மையம் ஆகியவை பொறித்த தகடு அதன் சுவரில் அறையப்பட வேண்டும். பூட்டுகளின் வலிமையையும் எரிவாயு அமைப்பையும் புணேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையம் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தந்தால் போதும். வாகனத்தின் தகுதிச் சான்று ஆய்வுக்கு அறையை இறக்கிவிட்டு வெறும் தளத்துடன் வரச் சொல்லலாம். இன்றைய கேரவன்களில் ஆய்வாளர் கண்ணுக்கே தெரியாத சேசிஸ், அப்போது முழுமையாகத் தெரியும்.

இதைத் திறந்துவிட்டால் பெட்டிகளில் தொழிலாளர்களை அடைத்துக் கொண்டு செல்வார்கள் என்ற அச்சம் அதிகாரிகளிடம் எழலாம். அந்த அச்சம் பொய்யல்ல. வட இந்திய நெடுஞ்சாலைகளில் டிராக்டர் டிரெய்லரிலும் டெம்போவிலும் மனிதர்களைச் சரக்காக ஏற்றிச் செல்வது இன்றும் கண்கூடு. ஆனால் அதற்கு எதிரான தடை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, அமல்தான் இல்லை. வரையறை இல்லாததால் பாதிக்கப்படுபவர், எடை மேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வைத்திருக்கும் ஒழுங்கான உரிமையாளர்தான். ஒழுங்கில்லாதவர் பெட்டியைத் தளத்தோடு வெல்டிங் செய்துவிட்டு, கைகாட்டும் இடத்தில் கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.

விதி வந்தாலும் தில்லிவாசிகளுக்கு ஒரு சங்கடம் மிஞ்சும். சரக்கு வாகனமாகப் பதிவானவை பொதுவாக, காலை மாலை நெரிசல் நேரங்களில் தலைநகரின் பல சாலைகளில் நுழைய முடியாது. ஸ்பிதியிலிருந்து திரும்பும் குடும்பம், அறையில் சாமான் எதுவும் மிச்சமில்லாவிட்டாலும், சிங்கு எல்லையில் காய்கறி லாரிகளின் வரிசையில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதை மாற்றும் அதிகாரம் மத்திய அமைச்சகத்திடம் இல்லை. தில்லிப் போக்குவரத்துக் காவல் துறையிடம் உள்ளது.